ரேம் போட்ட கை

என் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று என்னிடம் சொல்லாத ஆள் விஸ்வநத்தத்தில் பாக்கி இல்லை. பால் ஊற்ற வருகிறவர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா இத வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டார். வயதாகிவிட்டால் என்ன? எனக்கும்தான் வயதாகிறது. என்னை யாரும் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடவில்லையே! காலையில் எழுந்து சோறு பொங்குகிறேன், துணி துவைக்கிறேன், உட்கார்ந்து பத்து மணிக்கெல்லாம் ஒரு பட்டாசு டப்பாவுக்கு லேபிள் முடிக்கிறேன். அதுவும் அப்படித்தான். கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வந்ததே அச்சகத்து அண்ணாச்சியிடமிருந்துதான். சிவகாசியில் அவருடைய பிரஸ்ஸில் நான் டிசைன் வேலைக்கு உட்கார்ந்திருந்த காலத்தில், புதிய சிஸ்டங்கள் வாங்கிப் போட்டுவிட்டுப் பழையவற்றை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் என்று நான் கேட்டபோது, "அந்தா கிடக்குல்ல, அதுல ஒண்ணத் தூக்கிட்டுப் போம்மா" என்றார். தூக்கிக்கொண்டு வந்தேன். தூசி தட்டினேன். அதில் உட்கார்ந்து அவருக்கே வருஷக்கணக்காக வேலை செய்து கொடுத்திருக்கிறேன். போன ஆடி மாதம் அதே அண்ணாச்சி அதே பெட்டியைக் குறை சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆடிப் பதினெட்டு அன்றே பிறந்துவிடும். மாதிரிப் படங்களையெல்லாம் சேர்த்துத் தைத்த ஆல்பத்தைப் பூஜையில் வைத்து எடுப்பார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பத்தில் ஏறாத படம் அந்த வருஷத்துக்குக் கிடையாது. அண்ணாச்சியின் ஆல்பத்தில் சாமி படங்கள் என் பொறுப்பு. பழைய படத்தை ஸ்கேன் செய்து, கறையெடுத்து, நகைக்குப் பளபளப்பு ஏற்றி, மாலைக்கு ஒவ்வொரு பூவாக வைத்து முடிக்க வேண்டும். அம்மன் படம் என்றால் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற சனம் வீட்டில் மாட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். அது எனக்கு வரும். தற்பெருமைதான், இருக்கட்டும்.

போன வருஷம் அவர் புதிய மிஷின் இறக்கினார். படங்கள் முன்பைவிடப் பெரிய அளவில் வேண்டும் என்றார். அம்மன் படத்தைப் பெரிதாக்கினேன். எலுமிச்சை மாலையில் பாதி வைப்பதற்குள் என் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திறக்க அரைமணி நேரம். திறந்த பிறகு மெமரி போதவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும். சரி என்று அமுக்கினால் எல்லாம் மூடிக்கொள்ளும். மூன்று நாள் இப்படியே போயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏம்மா, ஒன் டப்பா இதத் தாங்காது" என்றார். "புது சிஸ்டம் எடு. இல்லாட்டி வேலய இங்கன குடுத்துரு, உள்ள இருக்கவன் முடிக்கட்டும். நீ வீட்டுல ஓய்வா இரு."

ஓய்வாக! அந்தச் சொல்லில்தான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஓய்வாக இருக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். சீசனில் ஓடும், மற்ற நாளில் வாசலில் நிற்கும். நான் வேலையை விட்டுவிட்டு ஓய்வாக இருந்தால் அடுத்த வாரமே எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனியில், மருந்து ரூமில். அதற்கு ஏற்கெனவே ஆள் விட்டாயிற்று. என்னுடைய பழைய போர்மேன் என் வீட்டுக்காரரை டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம், "தாயிய அனுப்பி வைங்கய்யா, சீசன் நேரத்துல கை பத்தல" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு நாள் குடுங்க அண்ணாச்சி. என் டப்பாவுலயே முடிச்சுத் தாரேன்" என்றேன்.

"எப்படி?"

எப்படி என்று எனக்கே தெரியாது. "அது என் பாடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்து ரூமைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருஷம் அதில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து. சின்னச் சின்ன ரூம், எல்லாப் பக்கமும் வாசல், வாசலுக்கு நேரே ஓடுவதற்குத் தடை இல்லாத வெட்டவெளி. உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும், அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் இறங்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். உடம்பில் தேங்கியிருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். செல்போன் கேட்டிலேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: அழுத்தாதே. தேய்க்காதே, தட்டாதே, இறங்காததை இறக்காதே. குழாய்க்குள் மருந்து போகவில்லை என்றால் விட்டுவிட்டு போர்மேனைக் கூப்பிட வேண்டும். என் கை அதில் பேர் வாங்கிய கை. "பூவத் தொடுத மாதிரி தொடுதா பாரு" என்று போர்மேன் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவார்.

ஒரு நாள் பக்கத்து ரூம் வெடித்தது. யாரோ அழுத்திவிட்டார்கள். அல்லது அழுத்தவில்லையோ என்னவோ, யார் கண்டது? அந்த ரூமில் இருந்தவள் காலையில்தான் எனக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்திருந்தாள். நான் ஓடினேன். வெட்டவெளி முடிந்து, வேலி முடிந்து, ரோட்டுக்கு வந்தும் ஓடினேன். செருப்பு அங்கேயே கிடந்தது, எடுக்கப் போகவில்லை. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் சிவகாசியில் டிசைன் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். என்னோடு படித்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அது வெறும் கம்ப்யூட்டர் இல்லை. அது நின்றால் எனக்கு அந்த ரூம்தான்.

அண்ணாச்சியிடம் வீராப்பாகப் பேசிவிட்டு நேரே சிவகாசி கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. மெமரியைக் கூட்ட ரேம் பட்டை வேண்டும் என்று நான் சொன்னதைக் கடைக்காரர் பாதிதான் கேட்டார்.

"அந்த மாடலுக்கெல்லாம் ரேம் வாரதில்லக்கா. புதுசு எடுத்துருங்க."

"வராட்டி பழசு கிடைக்குமா?"

"பழச யாரு மாட்டுவா? அதுக்கெல்லாம் கை வேணும்." பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "வீட்டுல ஆம்பளயாளு யாரும் இல்லையா? அவுகள வரச் சொல்லுங்க, பேசிக்கிறேன்."

நான் ஒன்பது வருஷம் வெடிமருந்து தொட்டவள். எனக்குக் கை வேண்டுமாம்! "எங்க வீட்டு ஆம்பள லோடு ஏத்தப் போயிருக்காக. அவுகளுக்கு மௌஸப் பிடிக்கவே தெரியாது" என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பக்கவாட்டில் இரண்டு திருகு, தகடு கழன்று வந்தது. உள்ளே தூசி படிந்து கிடந்தது. ரேம் எது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பச்சை நிறத்தில் ஒரு பட்டை, கறுப்புச் சில்லுகளோடு, ஒரு பள்ளத்தில் நின்றது. பக்கத்தில் இன்னும் மூன்று பள்ளங்கள் காலி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் வெள்ளையாக இரண்டு காது. காலியாக இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாளாக மூச்சு வாங்கியது இந்தப் பெட்டி! செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வெள்ளைக் காதுகளை மெல்ல விலக்கியதும் பட்டை தானாக எழும்பி வந்தது. என் கைக்கு ஏற்ற வேலை என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன், அது பிறகு.

பழைய பட்டையைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் விருதுநகர் பஸ் ஏறினேன். திருத்தங்கல், ஆமத்தூர் என்று நின்று நின்று போனது. விருதுநகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, உதிரியாக விற்கிற கடை ஒன்று அங்கே இருப்பதாக டிசைன் வகுப்பில் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தது. கடைக்காரர் பனியனோடு தரையில் உட்கார்ந்து விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் பட்டையை வாங்கிப் பார்த்தார், ஒரு பிளாஸ்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல பாருங்க. அடியில இதே மாதிரி வெட்டு இருக்கணும். நாலு ஜிபி ரெண்டு எடுத்துக்கோங்க, அம்புட்டுத்தான் அந்த போர்டு தாங்கும்."

கூடையில் கை வைக்கும் முன் என் கை தானாகப் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டது. தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கம்பெனியில இருந்தீக?"

"எப்படித் தெரியும்?"

"இங்கன வர மெக்கானிக் பயக ஒருத்தனும் இப்படித் தொட மாட்டான். கையில இருக்க கரண்டோட எடுத்து ரேமக் கொன்னுருவான். தகட்டத் தொட்டுப் பழகுனவுகதான் இப்படித் தொடுவாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒன்பது வருஷம் எனக்கு விட்டுவைத்த நல்லது இது ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரே வெட்டு உள்ள இரண்டு பட்டைகளைத் தேடி எடுத்தேன்.

"யாரு மாட்டுவா?"

"நான்தான்."

"மாட்டுங்க" என்றார். ஆம்பளையாள் எங்கே என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது, "நல்லா அழுத்திப் போடுங்கம்மா" என்று விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரி என்று தலையாட்டினேன். காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பருத்திச் சேலை மாற்றினேன். வளையலைக் கழற்றி வைத்தேன். செருப்பு வாசலில். முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து வைத்து, வழியில் கிடந்த குடத்தை ஓரமாக நகர்த்தினேன். கொல்லையில் அடிபம்பின் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பெட்டியின் வயரைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வெடிக்கப் போகுதா?" என்றார்.

"பேசாம இருங்க. ரூமுக்குள்ள ஆளு பேசக் கூடாது."

புதிய பட்டைகளைப் பள்ளத்தில் வைத்தேன். வெட்டு பார்த்து, நேர் பார்த்து, பூவை வைக்கிற மாதிரி வைத்தேன். நின்றன. வயரை மாட்டினேன். மறுபடியும் பம்பைத் தொட்டேன், எதற்கு என்று கேட்காதீர்கள். சுவிட்சைப் போட்டேன்.

பீ...ப்! பீ...ப்! பீ...ப்!

அடுத்த நொடி நான் தெருவில் நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. கதவு திறந்திருந்தது, குடம் வழியில் இல்லை, வந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், "ஏண்டி, பாம்பா?" என்று எழுந்துவிட்டாள். உள்ளே என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. எத்தனை முறை போட்டாலும் அதே சத்தம். திரையில் ஒன்றும் இல்லை, கறுப்பு. புதிய பட்டைகளை எடுத்துவிட்டுப் பழைய பட்டையை அதன் இடத்திலேயே திரும்ப வைத்தேன். அதற்கும் அதே சத்தம்! நேற்றுவரை மூச்சு வாங்கியாவது ஓடிக்கொண்டிருந்த பெட்டி, இப்போது அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலேயே சிவகாசிக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை, போனிலேயே தீர்ப்புச் சொன்னார். "பழசோட முன்ன ஓடுச்சுன்னு சொன்னீகள்ல, இப்ப அதுவும் ஓடலைன்னா போர்டு போச்சு. நான்தான் அப்பமே சொன்னேனே, ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"இந்தா பாரு, கோவிச்சுக்கிடாத. இந்தச் சீசன் மட்டும் போயிட்டு வந்துரு. போர்மேனு நல்லபடியா பாத்துக்கிடுவாரு. பொறவு புதுசு வாங்கிக்கிடலாம்."

"நீங்க போங்க" என்றேன்.

"எங்கன?"

"மருந்து ரூமுக்கு. ஒரு சீசன்தான? நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டி ஓட்டப் படிச்சுக்கிறேன்."

அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டினார். நான் அழுதேன். கோபத்தில் அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊறுகாய்க்காரி நினைவுக்கு வந்தாள். என்ன ஆனாலும் அங்கே போக மாட்டேன், வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தாலும் தேய்ப்பேன், அங்கே போக மாட்டேன் என்று அந்த மூடிக்கிடந்த கறுப்புத் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டே சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் காலையில் அவர் வண்டிக்குப் போன பிறகு திரும்பவும் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் திறந்தவுடன் எடுத்த போட்டோவைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் போட்டோவோடு ஒத்துப் பார்த்தேன். வயர் சரி, விசிறி சரி. வெள்ளைக் காதுகளைப் பார்த்தேன். போட்டோவில் அவை பட்டையைக் கவ்விக்கொண்டு விறைப்பாக நிற்கின்றன. எதிரில் இருப்பவை பாதி சாய்ந்து, வாய் பிளந்து நிற்கின்றன. பட்டையும் ஒரு நூல் உயரமாக இருக்கிறது.

நல்லா அழுத்திப் போடுங்கம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. நான் அழுத்தவே இல்லை! நான் எல்லாவற்றையும் வைத்துத்தான் விட்டிருக்கிறேன், எதையும் இறக்கவில்லை.

சரி, அழுத்த வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கட்டைவிரலையும் பட்டையின் இரண்டு முனையிலும் வைத்தேன். கை இறங்க மாட்டேன் என்றது. கொஞ்சம் தடுப்பது தெரிந்தவுடனே விரல் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்துவிட்டது. சப்பாத்தி மாவை எப்படிப் பிசைகிறேன், போர்வையைக் கல்லில் எப்படி அடிக்கிறேன், அதிலெல்லாம் இந்தக் கைக்கு ஒன்றும் ஆவதில்லை. சின்னதாக ஒரு பொருளை விரல் நுனியில் பிடித்து, அது இறங்காமல் தடுத்தது என்றால் மட்டும், கை நேரே அந்த ரூமுக்குப் போய்விடுகிறது. விட்டுவிடு, போர்மேனைக் கூப்பிடு என்கிறது. நான் வேலையை விட்டு எத்தனை வருஷமாயிற்று! கை இன்னும் விடவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம். யார்மேல் என்றா கேட்கிறீர்கள்? என் கையின்மேல்தான். அண்ணாச்சி சொன்னார், கடைக்காரர் சொன்னார், கட்டினவரும் சொன்னார், எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டேன். இப்போது என் கையே எனக்கு எதிராக நிற்கிறது என்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

அடுப்படிக்குப் போய்க் காபித்தூள் டின்னை எடுத்து வந்தேன். இறுக்கமான மூடி. கட்டைவிரலால் அழுத்தி மூடினால் டக்கென்று சத்தம் வரும். திறந்தேன், அழுத்தினேன், டக். திறந்தேன், அழுத்தினேன், டக். முதல் சில தடவை ஒவ்வொரு டக்குக்கும் தோள் தூக்கிப்போட்டது. எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னடி, காபி போடுதியா, கச்சேரி பண்ணுதியா?" என்றாள். "ரெண்டும்தான், போங்கக்கா" என்றேன். எத்தனை முறை மூடினேனோ தெரியாது. கடைசியில் தோள் தூக்குவது நின்றது.

எழுந்து போய்ப் பம்பைத் தொட்டேன். அதை மட்டும் விடவில்லை, அது நல்ல பழக்கம். வந்து பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதிய பட்டை ஒன்றைப் பள்ளத்தில் நிறுத்தினேன். கால் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, பட்டையின்மேல் கட்டைவிரல்களை வைத்தேன். தடுத்தது. விரல் மேலே வரப் பார்த்தது. "இறங்குடி" என்றேன். பட்டையைச் சொன்னேனா, கையைச் சொன்னேனா! பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

டக்.

வெள்ளைக் காதுகள் இரண்டும் தாமாகவே எழுந்து பட்டையைக் கவ்விக்கொண்டன. நான் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கட்டைவிரலில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. இரண்டாவது பட்டையை வைத்து, யோசிக்காமல் அழுத்தினேன். டக்.

சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு பீப், சின்னதாக. திரை வெளிச்சமானது. மெமரி எட்டு ஜிபி என்று காட்டியது. முன்பு இருந்தது வெறும் இரண்டு. அம்மன் படத்தைத் திறந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மூக்குத்தி, கிரீடம், பாதி எலுமிச்சை மாலை என்று அத்தனையும் திரையில் வந்து நின்றது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். பிறகு உட்கார்ந்து மிச்ச எலுமிச்சையை வைக்க ஆரம்பித்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் முன்னதாகவே படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி அவற்றைத் தன் பெரிய திரையில் போட்டு, உருப்பெருக்கி, எலுமிச்சையில் குத்துப்புள்ளி தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. புது சிஸ்டம் எடுத்துட்டியாக்கும்?"

"உங்க டப்பாதான் அண்ணாச்சி. நீங்க மூலையில போட்டது."

"யாரு சரி பண்ணிக் குடுத்தா? மாப்பிள்ளையா?"

"நான்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்ப இங்கன ரெண்டு சிஸ்டம் மெதுவா ஓடுது, அதயும் வந்து பாரேன்" என்றார். "வாரேன். அதுக்கு என்ன தருவீகன்னு முதல்ல சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

அன்று மாலை போர்மேன் வீட்டுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான் முன்பு ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தார் போல, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போர்மேனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெடிச்சத்தத்துக்குப் பிறகு உள்ளே ஓடிய ஒரே ஆள் அவர். முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. மோர் கொடுத்தேன். குடித்தார்.

"தாயி, புதுசா வந்திருக்க புள்ளைக பதறுதுக. ஒன் கை மாதிரி ஒரு கை ரூமுக்குள்ள இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். வர்றியா?"

நான் உள்ளே போய்க் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தப் பழைய பட்டையை எடுத்து வந்தேன். பெட்டியில் கடைசிப் பள்ளம் ஒன்று காலியாக இருந்தது. பொருந்துமோ பொருந்தாதோ, அவருக்குக் காட்டத்தான் வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு அவர் கண்ணெதிரே பட்டையை வைத்து, கட்டைவிரல்களால் ஒரே அழுத்தாக அழுத்தினேன். டக்கென்ற சத்தத்துக்கு அவர் தோள் தூக்கிப்போட்டது. மோர்த் தம்ளர் கையிலிருந்து நழுவி உருண்டது.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி அழுத்தப் பழகிட்டேன் மாமா. தடுத்தா விடுறதில்ல இப்ப. இன்னும் கொஞ்சம் அழுத்துறேன்."

அவர் தம்ளரைக் குனிந்து எடுத்து, துடைத்து, என்னிடம் கொடுத்தார். பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அப்ப நீ வராத தாயி. இனிமே நீ அங்கன வரவே கூடாது."